செல்லாத பதினோரு கைகள்

தேர்தல் வேலைக்குப் போன இடங்களிலெல்லாம் எனக்கு ஒரு பட்டப்பெயர் இருந்தது: ரெண்டு துணி வாத்தியார். சர்க்கார் கொடுக்கிற சாமான்களோடு, வீட்டிலிருந்து நானே கொண்டுபோகும் இரண்டு பழைய வேட்டிக் கிழிசல்கள் என் பையில் எப்போதும் இருக்கும். ஒன்று நனைத்தது, இன்னொன்று காய்ந்தது. கட்டைவிரல் ரேகை வைக்கிறவரின் விரலை முதல் துணியில் துடைத்து, இரண்டாவதில் ஒற்றி எடுத்து, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்த பிறகுதான் சீட்டைக் கையில் கொடுப்பேன். வரிசை நகராது. வெளியே நிற்கிறவர்கள் முணுமுணுப்பார்கள். திருப்பனந்தாள் பக்கம் ஒரு சாவடியில் ஒருத்தர் சத்தமாகவே கேட்டார், "சார், இது வோட்டுப் போடற எடமா, மாப்பிள்ளைக்குக் கால் கழுவுற எடமா?" என்று. எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது ஊரறிந்த விஷயம். இருந்தாலும் அன்றைக்கு நான் அடுத்த விரலைத் துடைக்க ஆரம்பித்தேன்.

அந்தத் துணிகளுக்கு என்ன காரணம் என்று என் மனைவிக்குக்கூடத் தெரியாது. சுத்தக்காரன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். இப்போது சாவடியில் பட்டனை அமுக்கினால் போதும், பீப் என்று சத்தம் வருகிறது. என்னை யாரும் வேலைக்குக் கூப்பிடுவதும் இல்லை, ஓய்வு பெற்று வருஷங்கள் ஆகிவிட்டன. ஆனாலும் வோட்டுப் போடப் போனால் முன்னால் நிற்கிறவர்களின் இடது கட்டைவிரலைத்தான் என் கண் தேடுகிறது. எதிலாவது அரிவாள் தழும்பு இருந்தால் வரிசையை விட்டு ஒதுங்கி நிற்பேன். பயந்தான். வேறு நல்ல பெயர் அதற்கு இல்லை.

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. கீழ்வேளூரிலிருந்து உள்ளே ஆறேழு மைல், பஸ் போகாத ஊர். ஒன்றியப் பள்ளிக்கூடத்தில் இரண்டாவது வாத்தியார் வேலை. நான் கடற்கரைக்காரன். அப்பா கட்டுமரத்தில் போனவர், அம்மா கூடையில் மீன் சுமந்து விற்றவள். எங்கள் தெருவில் கடலுக்குப் போகாமல் சம்பளத்துக்குப் போன முதல் ஆள் நான்தான். அந்த மிதப்பு எனக்கு நிறைய உண்டு. சலவைச் சட்டை இல்லாமல் வெளியே வர மாட்டேன். கையில் மீன் வாசனை அடிக்கிறதோ என்று அடிக்கடி முகர்ந்து பார்த்துக்கொள்வேன். நெல்லைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரியாது. குறுவை எது, சம்பா எது என்று என் பிள்ளைகளிடம் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

அந்த ஊரில் பாதிக்கு மேல் நிலம் ஒரே மிராசுதாருடையது. மிச்சத்தில் கோயில் நிலம் கொஞ்சம், அதன் குத்தகையும் அவரிடமே இருந்தது. ஆட்சி மாறியதும் அவர் துண்டின் கரையை மாற்றிக்கொண்டார், வேறெதையும் மாற்றிக்கொள்ளவில்லை. அவருடைய ரைஸ் மில்லை ஒட்டி இருந்த அறையில்தான் நான் வாடகைக்கு இருந்தேன்.

வயல்களுக்கு நடுவே ஒரு திடல் இருந்தது. திடல் என்றால் தண்ணீர் ஏறாத மேடு. அதில் நாற்பது குடிசைகள். அந்த மிராசுதாரின் நிலத்தில் நடவு, களையெடுப்பு, அறுப்பு எல்லாம் பார்த்தவர்கள் அவர்கள்தான். மூன்று தலைமுறையாக அங்கே இருந்தார்கள், ஆனால் மண் மிராசுதார் பெயரில் இருந்தது. கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டுச் சங்கம் வைத்த நாளிலிருந்து அவருக்கு அவர்கள் மேல் வன்மம். வெளியூர் ஆட்களை இறக்கி அறுத்துப் பார்த்தார். வரப்பில் போலீஸ் நின்றது. சுற்றுவட்டாரத்தில் எங்கெங்கோ கூரைகள் எரிந்த வருஷங்கள் அவை. திடலைக் காலி செய்யச் சொல்லி அவர் இரண்டு தடவை ஆள் அனுப்பியிருந்தார்.

அந்தச் சமயத்தில்தான், குடியிருக்கிற மனை குடியிருக்கிறவனுக்கே என்று சட்டம் வரப்போவதாகப் பேச்சு வந்தது. யார் எத்தனை வருஷமாக இருக்கிறார்கள் என்று விசாரிக்க ரெவின்யூ ஆள் வருவார், ஊர்த் தலைவர் என்ன வாக்குமூலம் கொடுக்கிறாரோ அதற்குத்தான் எடை என்று சொன்னார்கள். அதோடு பஞ்சாயத்துத் தேர்தலும் வந்தது. ஊர்த் தலைவராக ஜெயிக்கிறவருக்கு ஒன்றியக் கூட்டத்திலும் ஒரு நாற்காலி உண்டு. திடலில் இருந்து ஒருத்தர் அந்த நாற்காலியில் உட்காருவது பற்றி அதுவரை யாரும் நினைத்ததில்லை. இப்போது நினைத்தார்கள். தோற்றால் வீடு போகும் என்பதும் அவர்களுக்குத் தெரியும்.

மிராசுதார் தன் காரியஸ்தரை நிறுத்தினார். நிலம், ஆள், வம்பு, வழக்கு எல்லாவற்றையும் அவருக்காகப் பார்த்துக்கொண்டவர் அந்தக் காரியஸ்தர். சின்னம் பூட்டு. திடலில் இருந்து நின்றவர் ஐம்பதை நெருங்கிய ஒரு பண்ணையாள். சின்னம் குடை. நெடுநெடுவென்று உயரம். பேசுவதற்கு முன் தொண்டையைச் செருமிக்கொள்வார், பிறகு சொல்வதைச் சுற்றி வளைக்காமல் சொல்வார். பொய் சொல்லத் தெரியாது என்று அவரைப் பற்றித் திடலில் சொல்வார்கள், அது பாராட்டா குறையா என்று எனக்குப் புரிந்ததில்லை. அவருடைய மகள் என் வகுப்பில் மூன்றாவது படித்தாள்.

தேர்தலுக்குப் பத்து நாள் முன்னால் அவர் பள்ளிக்கூடத்துக்கு வந்தார்.

"வாத்தியாரய்யா, எங்க சனத்துல பாதிப் பேருக்கு வோட்டுப் போட்டுப் பழக்கமில்லீங்க. கட்சி வோட்டுல எதையோ குத்திட்டு வந்திருவாங்க. இது ஒவ்வொண்ணும் முக்கியமுங்க. செத்த சொல்லிக் குடுக்குறீங்களா?"

போனேன். இரண்டு சாயங்காலம் திடலில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தேன். சிலேட்டில் ஒரு பக்கம் குடை, ஒரு பக்கம் பூட்டு வரைந்து, முத்திரைக்குப் பதில் ஒரு வெண்டைக்காயை வெட்டி வைத்து, எங்கே குத்துவது, எப்படி மடிப்பது என்று காட்டினேன். ரேகையைச் சீட்டில் வைக்கக் கூடாது, சீட்டைக் கிழித்த பிறகு புத்தகத்தில் நிற்கும் அடிக்கட்டையில்தான் வைக்க வேண்டும் என்று படித்துப் படித்துச் சொன்னேன். சீட்டு நகராமல் இருக்க இடது கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு வலது கையால் குத்தச் சொன்னேன். அவர் மனைவி எல்லாருக்கும் முன்னால் உட்கார்ந்து நாலு தடவை குத்திக் காட்டினாள். "வெண்டைக்கா குழம்புக்குக்கூட இத்தன பக்குவம் வேணாங்க" என்று அவள் சொன்னதற்குத் திடலே சிரித்தது. நானும் சிரித்தேன். அவர்களுக்கு நல்லது செய்கிறோம் என்ற நினைப்பில் என் நெஞ்சு ஒரு சுற்றுப் பெருத்துத்தான் இருந்தது.

வோட்டு நாள் சம்பா அறுப்புக் காலத்தில் வந்தது. என் வகுப்பறைதான் சாவடி. வெளியூரிலிருந்து வர வேண்டிய ஒருத்தர் வராமல் போகவே, சீட்டுக் கொடுக்கிற மேஜையில் என்னையே உட்காரச் சொன்னார்கள். சீட்டைக் கிழித்துக் கொடுப்பதற்கு முன் அடிக்கட்டையில் கையெழுத்து வாங்க வேண்டும், எழுதத் தெரியாதவர்களிடம் இடது கட்டைவிரல் ரேகை வாங்க வேண்டும். மைப் பெட்டி ஒன்று, ஈரத்துணி ஒன்று. ரேகை வைத்ததும் விரலைத் துடைத்து அனுப்ப வேண்டும் என்று சாவடிக்குப் பொறுப்பான அதிகாரி காலையிலேயே சொன்னார். அவர் வயிற்றுப்புண்காரர், கூஜாவில் மோர் கொண்டுவந்திருந்தார். நிதானமான, நேர்மையான மனிதர். அவரைப் பற்றித் தப்பாக ஒரு வார்த்தை நான் சொல்ல மாட்டேன்.

அன்று நான் போட்டிருந்தது புதுச் சட்டை. வைகாசியில் எனக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது, பெண் வீட்டில் எடுத்துக் கொடுத்த வெள்ளை டெரிலின். அதை அந்த வேலைக்குப் போட்டுக்கொண்டு போனவன் எவ்வளவு பெரிய முட்டாளாக இருக்க வேண்டும்! மத்தியானத்துக்குள் அந்த ஒற்றை ஈரத்துணி ஊதாவாகி, ஊறி, நாறிப்போனது. துடைத்தால் விரலில் இருக்கும் மை போவதற்குப் பதில் துணியில் இருக்கும் மை விரலுக்கு வந்தது. பிழியலாம் என்று எடுத்தேன், சட்டையின் கை முழுக்கச் சிதறியது. கோபம் தலைக்கேறியது. அதிகாரி மோர் குடிக்கத் திண்ணைக்குப் போயிருந்தார். துணியைச் சுருட்டி ஜன்னல் வழியாகப் பின்னால் ஓடிய வாய்க்காலில் எறிந்தேன். அது ஊதாக் கோடு இழுத்துக்கொண்டே போனதைப் பார்த்தேன். சட்டைக் கறையில் எச்சிலைத் தொட்டுத் தேய்த்துக்கொண்டு திரும்பி வந்து உட்கார்ந்தேன்.

இன்னொரு துணி கேட்டிருக்கலாம். கரும்பலகை துடைக்கும் துணி அலமாரியில் இருந்தது, எடுத்திருக்கலாம். நான் எடுக்கவில்லை. அதற்குக் காரணம்கூட எதுவும் இல்லை, சட்டை பாழானதே என்ற எரிச்சல் மட்டும்தான்.

காலையில் வந்தவர்கள் கடைத்தெருக்காரர்களும் மிராசுதார் தெருக்காரர்களும். திடலில் இருந்து அதுவரை இருபது முப்பது பேர்தான் வந்திருந்தார்கள். அன்றைக்கென்று பார்த்து மிராசுதார் அறுப்பு வைத்திருந்தார். வராதவனுக்கு அப்புறம் வேலை இல்லை என்று சொல்லியிருந்தார். அதனால் மற்றவர்கள் விடியுமுன் வயலில் இறங்கி, கட்டுக் கட்டிக் களத்தில் போட்டுவிட்டு, இரண்டு மணிக்கு மேல்தான் வந்தார்கள். வாய்க்காலில் குளித்துவிட்டு, இருப்பதில் நல்ல துணியாகக் கட்டிக்கொண்டு வந்தார்கள். பெண்கள் பொங்கலுக்கு எடுத்த சேலையில் வந்தார்கள். வழக்கமாக விரலில் மை பட்டால் தலையில் தேய்த்துக்கொள்வார்கள், இல்லையென்றால் முந்தானையில் துடைத்துக்கொள்வார்கள். அன்றைக்கு நல்ல துணி, எண்ணெய் வைத்து வாரிய தலை. அதிகாரிகள் முன்னால் தலையைச் சொறியவும் கூச்சம். ரேகை வைத்துவிட்டு, விரலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, துணி எங்கே என்று என் மேஜையைப் பார்த்தார்கள். "ம், போங்க, போங்க, நேரமாகுது" என்றேன். போனார்கள். தண்ணீரில் ஊறிய விரல்கள். மை காயவே இல்லை. மறைப்புக்குள் போய், நான் சொல்லிக் கொடுத்தபடியே இடது கையால் சீட்டை அழுத்திப் பிடித்துக்கொண்டார்கள்.

அந்தக் காலத்துப் பஞ்சாயத்து வோட்டை அங்கேயே அன்றைக்கே எண்ணிவிடுவார்கள். ஐந்தரை மணிக்குப் பெட்டியைத் திறந்தோம். அதிகாரி, நான், காரியஸ்தர், குடைக்காரர். வாசலில் போலீஸ்காரர் ஒருத்தர் நின்றார், ஜன்னலுக்கு வெளியே இரண்டு பக்கத்து ஆட்களும் நின்றார்கள். சீட்டைப் பிரிப்பது, காட்டுவது, அடுக்குவது என்று போனது. பூட்டு ஒரு கட்டு, குடை ஒரு கட்டு. சேர்ந்தே வளர்ந்தன. சந்தேகமான சீட்டுகளை அதிகாரி தனியே வைத்தார்.

எல்லாம் முடிந்தபோது பூட்டு ஆறு வோட்டு முன்னால் நின்றது. தனியே வைத்த சீட்டு பதினொன்று. பதினொன்றிலும் முத்திரை குடை மேல் சுத்தமாக, நடுவில், கோடு தாண்டாமல் விழுந்திருந்தது. அவ்வளவு சுத்தமான குத்தை வேறு எந்தக் கட்டிலும் நான் பார்க்கவில்லை. ஆனால் பதினொன்றிலும் இடது ஓரத்தில் ஊதாவில் ஒரு கட்டைவிரல் ரேகை இருந்தது. எண்ணிக்கையில் சேர்த்தால் குடைக்கு ஐந்து வோட்டில் ஜெயம்.

"கை வச்ச சீட்டு செல்லாதுங்க" என்றார் காரியஸ்தர்.

அதிகாரி அவசரப்படவில்லை. சீட்டுகளை மேஜையில் பரப்பினார். "பொறுங்க. போட்ட ஆள் யாருன்னு தெரியற மாதிரி அடையாளம் இருந்தாத்தான் தள்ளணும். வெறும் மைக்கறைன்னா தள்ள வேண்டியதில்ல. நம்ம பக்கத்துத் தவறுன்னா நிச்சயமாத் தள்ளக் கூடாது" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "சார், விரலத் துடைக்கத் துணி வச்சிருந்தீங்கல்ல?"

அவர் சாதாரணமாகத்தான் கேட்டார். நான் உண்மையைச் சொன்னால் பதினொன்றையும் குடைக் கட்டில் சேர்த்துவிடுவார் என்பது அவர் குரலிலேயே தெரிந்தது. அதற்குத்தான் அவர் காத்துக்கொண்டிருந்தார். துணியை வாய்க்காலில் எறிந்தேன் சார், மத்தியானத்துக்கு மேல் யாருக்கும் துடைக்கவில்லை சார். இவ்வளவுதான் சொல்ல வேண்டும். எங்கள் குப்பத்தில் வலையை அறுத்தவன்கூட ஊர்க்கூட்டத்தில் எழுந்து நின்று நான்தான் என்று சொல்லிவிட்டுத்தான் உட்கார வேண்டும். சொல்லாமல் மறைத்தவனுக்கு யாரும் பெண் கொடுக்க மாட்டார்கள். அந்த வழக்கத்தில் வளர்ந்தவன் நான்.

ஆனால் நான் ஒன்றியத்து வாத்தியார். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. தேர்தல் வேலையில் அலட்சியம் என்று பதிவேட்டில் ஒரு வரி ஏறினால் போதும், வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். மறுபடியும் மீன்கூடை, கட்டுமரம். காரியஸ்தர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். இதெல்லாம் ஒரு மூச்சு விடும் நேரத்தில் எனக்குள் ஓடியது.

"வச்சிருந்தேன் சார்" என்றேன்.

"அப்ப இது எப்படி?"

காரியஸ்தர் முந்திக்கொண்டார். "வேணும்னே வச்சதுங்க. யார் யார் போட்டான்னு சங்கத்துக்காரன் பாத்துக்கறதுக்கு. இது கூடவா தெரியல?"

குடைக்காரர் தொண்டையைச் செருமினார். அவருக்கு என் மேல் சந்தேகமே வரவில்லை. தன் ஆட்களைப் பொய்யர்கள் என்று சொன்னது மட்டும்தான் அவர் காதில் விழுந்திருக்கிறது. மேஜைக்குப் பக்கத்தில் வந்து குனிந்தார்.

"வேணும்னு வைக்கலீங்கய்யா. சத்தியமா எங்க சனத்து வோட்டுங்க இது. வேற யாரும் போட்ட கள்ள வோட்டு இல்ல. சந்தேகம் இருந்தா நான் சொல்றேன், பாருங்க." ஒரு சீட்டின் மேல் விரலை வைத்தார். "இது எம் பொண்டாட்டி கைங்க. இந்தா குறுக்கால கோடு போவுது பாருங்க, போன குறுவையில அரிவா வெட்டினது. நாந்தான் சுண்ணாம்பு வச்சுக் கட்டினேன். இது எந் தம்பி. அவனுக்கு நுனியே இருக்காது. இந்த ரெட்டைக் கோடு எங்க மாமியாளுது."

கதிரை இடது கையால் பிடித்து வலது கையால் அறுக்கிறவர்கள். வெட்டு எப்போதும் இடது கையில்தான் விழும். ஒவ்வொரு சீட்டாகத் தொட்டுத் தொட்டுச் சொல்லிக்கொண்டே போனார். அவருக்குத் தெரிந்த உலகத்தில், கைநாட்டு வைத்த பத்திரத்தை இது இன்னார் கைதான் என்று நாலு பேர் முன்னால் ஒருத்தர் சாட்சி சொல்லிவிட்டால் அது செல்லும். மிராசுதார் வீட்டில் அவர்கள் வைத்த கைநாட்டெல்லாம் அப்படித்தான் செல்லியிருக்கிறது. அதையேதான் அவர் இங்கேயும் செய்தார். பதினொன்றில் ஏழுக்கு ஆள் சொல்லிவிட்டு, மற்ற நாலையும் வெளிச்சத்தில் பார்த்தால் சொல்லிவிடுவேன் என்று அவர் நிமிர்ந்தபோது முகத்தில் பெருமை இருந்தது.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றி மேஜை மேல் வைத்தார்.

"நீங்க சொல்லாம இருந்திருக்கலாம்" என்றார் மெதுவாக.

காரியஸ்தர் சிரித்தார். "நுணலும் தன் வாயால் கெடும்னு சும்மாவா சொன்னான்?"

குடைக்காரருக்கு அப்போதும் புரியவில்லை. அதிகாரி விளக்கிச் சொன்னார்: போட்டவரை அடையாளம் தெரிந்தால் அது ரகசிய வோட்டு இல்லை, தெரியாமல் இருந்தால்தான் செல்லும் என்று. அவர் திரும்பத் திரும்பக் கேட்டார். "எங்காளு வோட்டுன்னு தெரிஞ்சா செல்லாதுங்களா? தெரியலேன்னாத்தான் செல்லுங்களா?" வாயைத் திறந்து கெட்டவர் அவர் என்று ஊர் சொன்னது. வாயை மூடிக் கெடுத்தவன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான்.

ஒவ்வொரு சீட்டின் பின்னாலும் செல்லாதது என்று எழுத வேண்டும். அதிகாரிக்கு வயிற்றுவலி வந்துவிட்டது. "உங்க கையெழுத்து நல்லா இருக்கு சார், நீங்களே எழுதுங்க, நான் கையெழுத்துப் போடறேன்" என்றார். பதினோரு தடவை எழுதினேன். நடுங்காமல், குண்டு குண்டாக, கரும்பலகையில் எழுதுகிற மாதிரி எழுதினேன். குடைக்காரருடைய மனைவியின் சீட்டைத் திருப்பிப் போட்டபோது அந்தக் குறுக்குக் கோட்டைப் பார்த்தேன். வெண்டைக்காயை வைத்து நாலு தடவை குத்திக் காட்டியவள். அவள் தவறு என்று அந்தச் சீட்டில் எதுவுமே இல்லை.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு முடிவைப் படித்தார்கள். வெடி வெடித்தது. ரைஸ் மில் வாசலில் வருகிறவர்களுக்கெல்லாம் நன்னாரி சர்பத் கொடுத்தார்கள். அறைக்குப் போக எனக்கு வேறு வழி இல்லை. எனக்கும் ஒரு டம்ளர் நீட்டினார்கள். நல்ல தாகம். வாங்கிக் குடித்தேன்.

அதற்கப்புறம் நான் அந்தப் பள்ளிக்கூடத்தில் நிம்மதியாக உட்கார்ந்ததில்லை. எங்கு பார்த்தாலும் கட்டைவிரல்தான் தெரிந்தது. சிலேட்டில் பிள்ளைகள் எச்சில் தொட்டு அழித்த இடத்தில், ஜன்னல் கம்பியின் துருவில், மதியச் சோற்றுத் தட்டின் விளிம்பில் எல்லாம் தெரிந்தது. ஒருநாள் குடைக்காரருடைய மகள் வீட்டுப்பாடத்தைக் காட்டக் காகிதத்தை நீட்டினாள். ஓரத்தில் அவள் பிடித்திருந்த இடத்தில் கரி படிந்து சின்னதாக ஒரு ரேகை. அதில் கோடு எதுவும் இல்லை, அவள் இன்னும் அரிவாள் பிடிக்கவில்லை. நான் அந்தக் காகிதத்தை வாங்கவில்லை. கையைக் கழுவிக்கொண்டு வா என்று கத்தினேன். குழந்தை பயந்து அழுதது. அழுதுகொண்டே வாய்க்காலுக்குப் போய்க் கழுவிவிட்டு வந்து, ஈரக்கையை என் முகத்துக்கு நேரே விரித்துக் காட்டினாள். அந்தக் கை இன்னும் சில நாள் தூக்கத்தில் வருகிறது. அலறி எழுகிறேன் என்று சொன்னால் மிகையாகிவிடும். எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன், அவ்வளவுதான்.

பங்குனியில் ரெவின்யூ ஆள் வந்தார். புதுத் தலைவரான காரியஸ்தர் வாக்குமூலம் கொடுத்தார்: திடலில் இருப்பவர்கள் அறுப்புக்கு வந்துபோகும் கூலி ஆட்கள், நிரந்தரக் குடி யாரும் இல்லை. மூன்று தலைமுறை அந்த ஒரு வரியில் போனது. சித்திரையில் மிராசுதாரின் ஆட்கள் கூரையைப் பிரித்தார்கள். என் வகுப்பறை ஜன்னலில் இருந்து பார்த்தால் திடல் தெரியும். மூங்கிலையும் கீற்றையும் தலையில் வைத்துக்கொண்டு வரப்பில் ஒருவர் பின் ஒருவராகப் போனார்கள். சங்கத்துக்காரர்கள் தாலுகா ஆபீஸுக்கு மனுவோடு அலைந்தார்கள். அது முடிவதற்குள் திடலில் டிராக்டர் ஓடிவிட்டது.

தோற்றதற்குக் காரணம் யார் என்பதில் திடலில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. ஆள் சொல்லிக் காட்டிக் கொடுத்தவர் குடைக்காரர்தான். அவருடைய தம்பி அவரோடு பேச்சை நிறுத்திவிட்டான். அவருடைய மனைவி களத்தில் எல்லார் முன்னாலும், "எங்கை யாருதுன்னு யாருக்கும் தெரியாமக் கெடந்துச்சு, இந்த மனுசன் கொண்டுபோயி சபையில காட்டிட்டாரு" என்று அழுதாளாம். இதையெல்லாம் பிள்ளைகள் வகுப்பில் பேசிக்கொண்டபோது நான் கேட்டேன்.

குடவாசல் பக்கம் ஒரு உறவுக்காரர் வீட்டுக்குப் போவதாகச் சொல்லி, மகளின் டி.சி. வாங்க அவர் ஒருநாள் காலையில் வந்தார். பெரிய வாத்தியார் லீவு. நான்தான் எழுதிக் கொடுக்க வேண்டும். மகள் அவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எழுதி நீட்டினேன். காகிதத்தை வாங்கி நாலாக மடித்து மடியில் வைத்துக்கொண்டார். பிறகு தொண்டையைச் செருமினார்.

"வாத்தியாரய்யா, ஒண்ணு கேக்கணுங்க. படிச்சவங்க, நீங்க சொன்னாத் தெரியும். நான் அன்னிக்கு வாயத் தொறக்காம இருந்திருந்தா அந்த வோட்டெல்லாம் செல்லியிருக்குங்களா?"

அறையில் எங்கள் மூன்று பேரைத் தவிர யாரும் இல்லை. காரியஸ்தர் இல்லை, அதிகாரி இல்லை, எழுதிக்கொள்கிறவர் யாரும் இல்லை. சொன்னால் எனக்கு ஒன்றும் ஆகியிருக்காது. அவர் திரும்பிப் போய்த் தம்பியிடம் சொல்லியிருப்பார், மனைவியிடம் சொல்லியிருப்பார். தப்பு என் மேல் இல்லை, வாத்தியார் மேல் என்று. அது ஒன்றைத்தான் அவருக்கு நான் திருப்பிக் கொடுத்திருக்க முடியும்.

"ஆமாங்க" என்றேன். "நீங்க பேசாம இருந்திருக்கணும்."

அவர் தலையை ஆட்டினார். எதிர்பார்த்த பதில்தான் போலிருக்கிறது. மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை போனவர், நின்று திரும்பினார்.

"நீங்க நல்லாத்தாங்க சொல்லிக் குடுத்தீங்க" என்றார். "எங்க சனமும் சரியாத்தான் குத்திச்சு. நாந்தாங்க கெடுத்துட்டேன்."

சொல்லிவிட்டு இரண்டு கையையும் சேர்த்து என்னைக் கும்பிட்டார். நானும் பதிலுக்குக் கும்பிட்டேன்.